5 வருஷம் ஆகறதுக்குள்ள பி.எஃப். எடுத்தா வரி எவ்வளவு? 15ஜி கொடுக்கலாமா?

ஓசூர்_கார்த்தி
9 ஆகஸ்ட் 2025, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பி.எஃப். பத்தி ஒரு முடிவு எடுக்கணும், கைவசம் மூணு வாரம்தான் இருக்கு.

2021 ஜூன்ல ஓசூர்ல ஒரு கம்பெனியில சேர்ந்தேன். அதுதான் முதல் வேலை. குரூப் 2 தேர்வுக்கு உட்கார்ந்து படிக்கணும்னு 2025 ஜனவரி கடைசியில விட்டேன். வீட்டு நிலைமையில இதுக்கு மேல சம்பளம் இல்லாம இருக்க முடியாது. செப்டம்பர் 1 வேற கம்பெனியில சேரப்போறேன், மாசம் 75,000.

பாஸ்புக்ல இருக்கறது:
என் பங்கு 1,58,400, அதுக்கு வட்டி 24,600
கம்பெனி பங்கு 1,58,400, அதுக்கு வட்டி 24,600
மொத்தம் 3,66,000

பர்சனல் லோன் 2,40,000 பாக்கி இருக்கு. 14% வட்டி, இன்னும் 24 மாசம், இ.எம்.ஐ. 11,500 கிட்ட வருது. பி.எஃப்.ஐ எடுத்து இதை அடைச்சிடலாம்னு யோசனை. வேலை விட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிட்டதால இப்ப முழுசும் எடுக்கலாம். புது வேலையில சேர்ந்துட்டா முடியாது. அதான் அவசரம்.

பிரவுசிங் சென்டர்ல கிளைம் போட்டுத் தர்றவர், "15ஜி (எனக்கு வரி வராதுன்னு கொடுக்கற உறுதிமொழிப் படிவம்) அப்லோடு பண்ணிட்டா ஒரு ரூபா பிடிக்க மாட்டாங்க, வரியே கிடையாது"ன்னு சொல்றார். உண்மையா? இன்னொண்ணு, என் பாஸ்புக்ல பென்ஷன் பத்தியில பூஜ்யம்னு காட்டுது. கம்பெனி ஏமாத்திட்டாங்களா?

முதல் வருஷத்துலேருந்தே புது வரி முறையிலதான் இருக்கேன். வயசு 28.


கொங்கு_செந்தில்
9 ஆகஸ்ட் 2025, இரவு 10:05

எடுத்துக் கடனை அடைச்சுப் போடுங்க தம்பி. 14 பர்சன்ட் வட்டி கட்டிக்கிட்டு 8.25 பர்சன்ட் வட்டிக்குப் பணத்தைப் போட்டு வைக்கிறதுல என்னங்க லாபம்? மிஞ்சிப்போனா பத்து பர்சன்ட் பிடிப்பாங்க, 36,600. அதோட வரி முடிஞ்சுதுங்க. கடன் இல்லாம புது வேலைக்குப் போறதே பெரிய நிம்மதி.


கணக்கர்_குடந்தை
9 ஆகஸ்ட் 2025, இரவு 11:20

செந்தில் சொன்னதில் கடன் பற்றிய பகுதியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். "பத்து சதவீதம் பிடித்தால் வரி முடிந்தது" என்பது சரியில்லை. என்னிடம் கணக்குப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

வருமான வரிச் சட்டத்தின் 192ஏ பிரிவின்படி, தொடர்ச்சியான சேவை ஐந்து வருடம் ஆகாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10% பிடிப்பார்கள். பான் இணைக்கவில்லை என்றால் 20%. இது டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டிப் பிடித்து வைக்கும் தொகை மட்டுமே. உண்மையான வரி எவ்வளவு என்பது அந்த நிதியாண்டில் உங்களுடைய மொத்த வருமானம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. வரி அதைவிடக் குறைவாக இருந்தால் ரீஃபண்டு வரும், கூடுதலாக இருந்தால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் பணம் எப்படிப் பிரியும் என்று பாருங்கள்.

கம்பெனி போட்ட பங்கும் அதற்கான வட்டியும் சம்பள வருமானம். கார்த்திக்கு 1,83,000.
சொந்தப் பங்கின் வட்டி மட்டும் "இதர வருமானம்". கார்த்திக்கு 24,600.
சொந்தப் பங்கின் அசலுக்கு, பழைய வரி முறையில் 80சி சலுகை (சேமிப்புக்கான வரிக் கழிவு) எடுத்திருந்தால், அந்தச் சலுகை திரும்பப் பறிக்கப்படும். கார்த்தி தொடக்கத்திலிருந்தே புது முறை, 80சி எடுக்கவில்லை. எனவே 1,58,400க்கு வரி இல்லை.

ஆக, 3,66,000இல் 2,07,600 மட்டும் வருமானத்தில் சேரும்.

கார்த்தி, இந்த ஆண்டு உங்களுக்கு வேறு வருமானம் செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதச் சம்பளம் மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன். 5,25,000. அதில் நிலையான கழிவு 75,000 போக 4,50,000. பி.எஃப். பகுதியைச் சேர்த்தால் 6,57,600. 2025-26 நிதியாண்டில் புது முறையில் 12 லட்சம் வரை 87ஏ பிரிவின்படி வரி முழுவதும் தள்ளுபடி ஆவதால் உங்களுக்கு வரி பூஜ்யம்.

எனவே 15ஜி கொடுப்பது உங்களைப் பொறுத்தவரை பொய்யாகாது. ஆனால் அந்தப் படிவத்தில் இந்த ஆண்டின் மொத்த வருமான மதிப்பீடு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் செப்டம்பர் முதல் வரப்போகும் சம்பளத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் அதைக் காலியாகவோ, வாய்க்கு வந்த எண்ணாகவோ போட்டுவிடுவார். கையெழுத்து உங்களுடையது.

பென்ஷன் பூஜ்யம் பற்றி: கம்பெனி ஏமாற்றவில்லை. 1-9-2014க்குப் பிறகு முதன்முறையாகச் சேர்கிறவரின் அடிப்படைச் சம்பளம் 15,000க்கு மேல் இருந்தால் அவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. கம்பெனியின் 12% முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போகும். உங்கள் இரண்டு பங்கும் சமமாக இருப்பதே அதற்குச் சான்று. ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு மாதம் 1,250 அந்தப் பக்கம் பிரிந்துவிடும், கம்பெனி பங்கு குறைவாகத் தெரியும்.


வேளச்சேரி_மீனா
10 ஆகஸ்ட் 2025, காலை 7:15

குடந்தை சார், எனக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமை, தொகையும் ஏறக்குறைய இதேதான். சர்வீஸ் 4 வருஷம் 2 மாசம். ஜூன் முதல் வாரத்துல வேலையை விட்டேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், கூட இருக்கணும். அக்டோபர்ல புது கம்பெனி. பழைய இடத்துல இந்த ஏப்ரல்லேருந்து வாங்கினது, புது இடத்துல மார்ச் வரைக்கும் வாங்கப்போறது எல்லாம் சேர்த்து 12.5 லட்சம் வரும். 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லைங்கறதால நானும் 15ஜி கொடுத்து எடுத்துடலாம்னு இருந்தேன். எனக்கும் பூஜ்யம்தானே?


கணக்கர்_குடந்தை
10 ஆகஸ்ட் 2025, காலை 8:50

மீனா, உங்களுக்குப் பூஜ்யம் இல்லை. தயவுசெய்து கிளைம் போடுவதற்கு முன் இதை முழுவதும் படியுங்கள்.

கார்த்தியின் எண்களையே வைத்துக்கொள்கிறேன். நீங்களும் 80சி எடுக்கவில்லை என்று கொள்வோம்.

சம்பளம் 12,50,000. நிலையான கழிவு 75,000 போக 11,75,000. இதோடு நின்றால் கணக்குப்படி வரும் வரி 57,500, அது முழுவதும் தள்ளுபடியாகிவிடும். நீங்கள் நினைத்ததுபோல வரி பூஜ்யம்தான்.

பி.எஃப். எடுத்தால் 2,07,600 சேர்ந்து 13,82,600 ஆகும். 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும். கூடுதலாக வந்த தொகைக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள், இதுவரை தள்ளுபடியாக இருந்ததும் திரும்பி வரும். 4 முதல் 8 லட்சம் வரை 5%, 20,000. 8 முதல் 12 வரை 10%, 40,000. மீதி 1,82,600க்கு 15%, 27,390. மொத்தம் 87,390. 4% செஸ் சேர்த்து ஏறக்குறைய 90,890.

12 லட்சத்தைக் கொஞ்சமாகத் தாண்டுகிறவர்களுக்கு விளிம்பு நிவாரணம் உண்டு. வரி, தாண்டிய தொகையைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்பது அந்த விதி. நீங்கள் தாண்டியது 1,82,600, வரி 87,390. அதனால் நிவாரணம் வராது.

10% என்று 36,600 பிடித்திருப்பார்கள். மீதி 54,290 நீங்கள் கட்ட வேண்டும். முன்கூட்டிய வரித் தவணையில் கட்டாமல் விட்டால் 234பி, 234சி வட்டி வேறு. கையில் நிற்பது 2,75,110. அதாவது எடுத்த பணத்தில் கால் பங்கு வரிக்குப் போகிறது.

பாஸ்புக்கில் ஒரே தொகை இருந்தும் கார்த்திக்கு வரி இல்லை, உங்களுக்கு 90 ஆயிரம். "பி.எஃப். எடுத்தால் எத்தனை சதவீதம் வரி" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

15ஜி உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்யம் என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி அது. உங்கள் விஷயத்தில் அது பொய். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் 277ஆவது பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம், சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. 15ஜி வாங்கியவர் ஒவ்வொரு படிவத்துக்கும் எண் போட்டு வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கிறார். அப்லோடு செய்ததோடு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று இருக்க வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எடுக்காதீர்கள், புது கம்பெனிக்கு மாற்றுங்கள். மாற்றினால் பழைய சேவை 50 மாதமும் கணக்கில் சேரும். இன்னும் பத்து மாதம் வேலை பார்த்தால் ஐந்து வருடம் முடியும். இடையில் வேலை இல்லாமல் இருந்த மாதங்கள் சேவையில் சேராது, ஆனால் அந்த இடைவெளியால் பழைய சேவை அழிந்தும் போகாது.


வேளச்சேரி_மீனா
10 ஆகஸ்ட் 2025, காலை 9:30

சார், 90 ஆயிரமா! கிளைம் பாரத்தை பாதி நிரப்பி வச்சிருந்தேன். அப்படியே நிறுத்திட்டேன். ரொம்ப நன்றி.

ஒரு சந்தேகம். அம்மா மருத்துவச் செலவுக்காக எடுத்தா வரி கிடையாதுன்னு ஒருத்தர் சொன்னார்.


கணக்கர்_குடந்தை
10 ஆகஸ்ட் 2025, காலை 10:10

இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் குழப்பியிருக்கிறார். ஐந்து வருடம் முடியும் முன்பே வேலை போனாலும் வரி இல்லை என்று சட்டம் சொல்லும் காரணங்கள் உண்டு: ஊழியருக்கே உடல்நலம் கெட்டு வேலையைத் தொடர முடியாமல் போவது, கம்பெனி தொழிலை மூடுவது, ஊழியரின் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தால் வேலை போவது. அம்மாவின் உடல்நிலைக்காக நீங்களாக விலகியது இதற்குள் வராது.

அவர் சொல்ல வந்தது மருத்துவ முன்பணமாக இருக்கலாம். உறுப்பினராக இருக்கும்போதே, பெற்றோரின் சிகிச்சைக்கும் சேர்த்து, ஒரு பகுதியை எடுக்கலாம். அதற்குக் குறைந்தபட்ச சேவைக் காலம் கிடையாது. கணக்கை மூடாமல் எடுப்பது அது. புது வேலையில் சேர்ந்து பணத்தை மாற்றிய பிறகும் தேவை இருந்தால் அந்த வழியைப் பாருங்கள்.


கொங்கு_செந்தில்
10 ஆகஸ்ட் 2025, பகல் 12:40

மீனா அவங்க கணக்கு புரிஞ்சுதுங்க, அவங்க எடுக்கக் கூடாது. ஆனா கார்த்திக்கு வரி பூஜ்யம்னு நீங்களே சொல்றீங்க. அப்ப நான் சொன்னது சரிதானுங்களே? வரி இல்லாம கையில வர்ற காசு, 14 பர்சன்ட் கடன். எடுக்கறதுதானே புத்திசாலித்தனம்?


ஓஎம்ஆர்_சுந்தர்
10 ஆகஸ்ட் 2025, பகல் 2:15

செந்தில், வட்டி விகிதத்தை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா அப்படித்தான் தெரியும். ரூபாயில போட்டுப் பாருங்க. 2,40,000 கடன், 14%, 24 மாசம். இ.எம்.ஐ. ஏறக்குறைய 11,523. ரெண்டு வருஷத்துல கட்டற மொத்த வட்டி சுமார் 36,500. மாசாமாசம் அசல் குறையறதால அவ்வளவுதான் வருது. அதே 2,40,000 பி.எஃப்.ல 8.25%ல ரெண்டு வருஷம் இருந்தா 41,000க்கு மேல சேரும்.


கொங்கு_செந்தில்
10 ஆகஸ்ட் 2025, பகல் 2:50

அந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்குதுங்க. கடனை இப்பவே அடைச்சுட்டா மாசம் 11,500 கையில மிஞ்சுமே? அதை ஆர்.டி.யில போட்டா அதுக்கும் வட்டி வரும். அதைச் சேர்க்காம ஒப்பிட்டா எப்படிங்க?


ஓஎம்ஆர்_சுந்தர்
10 ஆகஸ்ட் 2025, மாலை 4:05

சரியான கேள்வி. சேர்த்துப் பார்த்தா கடனை அடைக்கறதுதான் கொஞ்சம் லாபம். அதை மறுக்கல. ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. 24 மாசமும் ஒரு மாசம் விடாம அந்த 11,500ஐ சேமிக்கணும், ரெண்டு வருஷம் கழிச்சும் அதைத் தொடக்கூடாது. இ.எம்.ஐ.ன்னா பேங்க் எடுத்துக்கும், நாம கட்டியே ஆகணும். சேமிப்புன்னா தங்கச்சி கல்யாணம், வண்டி, போன்னு ஏதாவது ஒண்ணு வந்து நிக்கும். என் டீம்ல பி.எஃப். எடுத்துக் கடன் அடைச்ச பசங்களைப் பார்த்திருக்கேன். கொஞ்ச நாள்ல புதுசா ஒரு லோன் ஓடுது, பி.எஃப்.பும் இல்ல.

கார்த்திக்கு வயசு 28. இந்த 3,66,000 அப்படியே கிடந்து, வட்டி இதே 8.25%ல நின்னா, 58 வயசுல 39 லட்சத்தைத் தாண்டும். மாசாமாசம் புதுசா போடப்போறது இதுல சேரல. விலைவாசியும் ஏறும், அதனால 39 லட்சத்தோட மதிப்பு இன்னிக்கு மாதிரி இருக்காது. அப்படியும் வட்டிக்கு வரி இல்லாம முப்பது வருஷம் கூட்டு வட்டியில வளர்ற இடம் சம்பளக்காரனுக்கு வேற எங்க இருக்கு?


மலைக்கோட்டை_பெரியவர்
10 ஆகஸ்ட் 2025, மாலை 6:30

தம்பிகளா, வட்டி நிற்கும் என்று நினைக்காதீர்கள். நான் 1989 முதல் 2000 வரை 12% வாங்கினவன். பிறகு இடையில் ஏறியும் இறங்கியும் 2021-22ல் 8.10% வரை வந்தது. இப்போது 8.25%. ஏறினாலும் இறங்கினாலும் எடுக்காமல் வைத்திருந்தேன், அது வளர்ந்துதான் இருக்கிறது.

என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். 2022 மே 31ல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். அப்போது கணக்கில் ஏறக்குறைய 31 லட்சம். பேங்கில் போட்டால் வட்டிக்கு வரி, இங்கே வரி இல்லை, வட்டியும் கூடுதல் என்று எடுக்காமலே விட்டுவிட்டேன். இப்போது 38 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. 65 வயது வரை அப்படியே விடலாம் என்று எண்ணம். சரிதானே?


கணக்கர்_குடந்தை
10 ஆகஸ்ட் 2025, இரவு 8:45

ஐயா, இந்த இழையில் எல்லாரையும்விட உங்களுக்குத்தான் அவசரம்.

முதலாவது, வட்டி. 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்றவர் 36 மாதத்துக்குள் பணம் கேட்டு விண்ணப்பிக்கவில்லை என்றால் கணக்கு செயல்படாத கணக்கு ஆகிவிடும். அதன்பிறகு வட்டி கிடையாது. உங்களுக்கு 36 மாதம் 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. 38 லட்சம் 8.25%ல் சும்மா கிடந்தால் மாதம் 26,000 ரூபாய்க்கு மேல் வட்டி இழப்பு.

இரண்டாவது, வரி. பி.எஃப். வட்டிக்கு வரிவிலக்கு வேலையில் இருக்கும் காலம் வரைதான். ஓய்வு பெற்ற நாளில் இருந்த 31 லட்சத்துக்கு வரி இல்லை, எப்போது எடுத்தாலும் இல்லை. அதன்பிறகு சேர்ந்த ஏழு லட்சத்துச் சொச்சம் வரிக்கு உட்பட்ட வட்டி. ஓய்வுக்குப் பிறகான வட்டிக்கு 10(12) பிரிவின் விலக்கு கிடைக்காது என்று பெங்களூர் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே சொல்லியிருக்கிறது.

பயப்பட வேண்டாம். மூன்று வருடத்தில் பிரிந்து வரவு வைக்கப்பட்ட வட்டி. உங்களுக்கு வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் 87ஏ தள்ளுபடியால் வரி வராமலே போகலாம். ஆனால் ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். 2024-25க்கான ரிட்டர்ன் தாக்கல் செய்ய இந்த முறை செப்டம்பர் 15 வரை நீட்டித்திருக்கிறார்கள். அந்த ஆண்டின் வட்டியை அதில் காட்டுங்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வரி வருமா என்று உள்ளூர் ஆடிட்டரிடம் பாஸ்புக்கைக் காட்டிக் கேளுங்கள். வரி வந்தால் புதுப்பித்த ரிட்டர்ன் (ஐ.டி.ஆர்.-யு) தாக்கல் செய்ய 48 மாதம் வரை வழி இருக்கிறது, கூடுதல் வரியோடு.


மலைக்கோட்டை_பெரியவர்
10 ஆகஸ்ட் 2025, இரவு 9:20

36 மாதக் கணக்கை இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நாளைக்கே விண்ணப்பிக்கிறேன். எடுத்து எங்கே போடலாம்?


கணக்கர்_குடந்தை
10 ஆகஸ்ட் 2025, இரவு 9:50

உங்களுக்கு 60 தாண்டிவிட்டதால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். இப்போது 8.2%, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 கைக்கு வரும். தபால் நிலையத்திலும் வங்கியிலும் உண்டு. வட்டி வரிக்கு உட்பட்டது. ஆனால் உங்கள் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 2025-26இல் வரி வராது. 60 தாண்டியவர்களுக்கு 15ஜி கிடையாது, 15எச். மீதி எட்டு லட்சத்தை அவசரத் தேவைக்கு எளிதாக எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.


ஓஎம்ஆர்_சுந்தர்
11 ஆகஸ்ட் 2025, காலை 8:30

குடந்தை சார், என் பக்கமும் ஒரு கேள்வி. வி.பி.எஃப். (நானா விரும்பிக் கூடுதலா போடறது) சேர்த்து வருஷம் 4.5 லட்சம் என் பங்கா போகுது. பாஸ்புக்ல வரிக்கு உட்பட்டது, உட்படாததுன்னு ரெண்டா பிரிச்சிருக்கு. நான் 30% ஸ்லாப். தொடர்றது நல்லதா?


கணக்கர்_குடந்தை
11 ஆகஸ்ட் 2025, காலை 10:00

1-4-2021 முதல் உங்கள் சொந்தப் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு ஒவ்வோர் ஆண்டும் வரி. முதலாளி பங்கு போடாத ஜி.பி.எஃப்.காரர்களுக்கு (அரசு ஊழியர்களுக்கு) அந்த வரம்பு 5 லட்சம். உங்களுக்குத் தாண்டியது 2 லட்சம். அதற்கு ஒரு முழு ஆண்டு வட்டி 16,500, செஸ் சேர்த்து 31.2% என்றால் வரி 5,148. அந்தப் பகுதிக்கு உண்மையில் நிற்கும் வட்டி 5.68% அளவுதான். அந்தத் தொகை அந்தக் கணக்கிலேயே தங்கி, வரும் ஆண்டுகளிலும் அதன் வட்டிக்கு வரி வந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

என் கருத்து: 2.5 லட்சம் வரை போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.


ஜெர்சி_ராஜா
11 ஆகஸ்ட் 2025, மாலை 7:10

இங்கே அமெரிக்காவிலும் இதே குழப்பத்தைப் பார்க்கிறேன். வேலை மாறும்போது 401கே கணக்கை (கம்பெனி வழியாகச் சேமிக்கும் ஓய்வுக்காலக் கணக்கு) உடைத்துக் கையில் வாங்கினால் 20% பிடித்தம் செய்வார்கள். அதோடு முடிந்தது என்று எண்ணி, ஏப்ரலில் வரி தாக்கல் செய்யும்போது திகைத்துப்போகிற நம்மவர்கள் உண்டு. எடுத்த தொகை முழுவதும் அந்த ஆண்டின் வருமானம். 59½ வயதுக்கு முன் என்றால் பொதுவாக அதன்மேல் 10% கூடுதல் வரி. புது கம்பெனிக்கோ ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்கோ நேரடியாக மாற்றினால் அந்த இரண்டும் இல்லை.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே ஐந்து வருடம் கடந்தால் பி.எஃப்.க்குப் பெரும்பாலும் வரியே இல்லை. இங்கே வழக்கமான 401கேயில் 65 வயதில் எடுத்தாலும் வருமான வரி உண்டு. வளரும்போது தொட மாட்டார்கள், வெளியே வரும்போது எடுப்பார்கள். ராத் கணக்கு மட்டும் விலக்கு, அதில் முன்பே வரி கட்டிவிட்டுப் போடுகிறோம்.

இரண்டு வருடத்தில் திருச்சிக்கே திரும்புகிறேன். 401கேயை இங்கேயே விட்டுவிட்டு வந்தால் ஆண்டுதோறும் வளர்வதற்கு இந்தியாவில் வரி கேட்பார்களா?


கணக்கர்_குடந்தை
11 ஆகஸ்ட் 2025, இரவு 9:15

ராஜா, 89ஏ பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்று நாடுகளின் ஓய்வுக்காலக் கணக்குகளுக்குப் பொருந்தும். அங்கே குடியிருந்தபோது தொடங்கிய கணக்காக இருக்க வேண்டும். 10-இஇ படிவத்தை ரிட்டர்ன் கெடுவுக்குள் தாக்கல் செய்தால், ஆண்டுதோறும் வளர்வதற்கு இங்கே வரி கேட்க மாட்டார்கள். அங்கே பணம் எடுத்து வரி விதிக்கும் ஆண்டில்தான் இங்கேயும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் திரும்பப் பெற முடியாது. திரும்பி வந்த முதல் ஆண்டுகளில் உங்கள் குடியிருப்பு நிலை எது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, இரு நாட்டுக் கணக்கும் தெரிந்தவரிடம் காட்டிச் செய்யுங்கள்.


ஓசூர்_கார்த்தி
12 ஆகஸ்ட் 2025, காலை 6:50

எல்லாருடைய பதிலையும் ரெண்டு தடவை படிச்சேன். செந்தில் அண்ணா சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா எனக்கு என்னைத் தெரியும், அந்த 11,500 கையில இருந்தா வீட்டுச் செலவுல கரைஞ்சிடும். எடுக்கல, மாத்திடறேன். 75,000 சம்பளத்துல இ.எம்.ஐ. கட்டிட முடியும்.

மாத்தறதுக்குப் பழைய கம்பெனி எச்.ஆர். பின்னாடி அலையணுமா? எனக்கு அஞ்சு வருஷம் எப்ப முடியும்?


கொங்கு_செந்தில்
12 ஆகஸ்ட் 2025, காலை 7:30

நல்ல முடிவுங்க தம்பி. முடிஞ்சா போனஸ் வரும்போது லோன்ல கொஞ்சம் முன்கூட்டிக் கட்டிப் போடுங்க. முன்கூட்டிக் கட்ட பேங்க்ல கட்டணம் இருக்குதான்னு மட்டும் கேட்டுக்குங்க.


கணக்கர்_குடந்தை
12 ஆகஸ்ட் 2025, காலை 9:05

கார்த்தி, அலைய வேண்டியதில்லை. 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதாரோடு இணைத்து வழங்கிய யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) எண்ணாக இருந்து, அதே எண்ணில் புது கணக்கும் தொடங்கினால், இந்த ஜனவரி முதல் கம்பெனி ஒப்புதல் இல்லாமலே ஆன்லைனில் மாற்றலாம். உங்களுடையது 2021, பொருந்தும்.

செப்டம்பர் 1 அன்று புது எச்.ஆர். படிவம் 11 கொடுப்பார். அதில் பழைய யு.ஏ.என். எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். புது எண் உருவாக விடாதீர்கள், இரண்டு எண் வந்துவிட்டால் சேர்ப்பதற்குள் படாத பாடு படவேண்டும். அதற்கு முன் இன்றே பி.எஃப். உறுப்பினர் தளத்தின் உள்ளே போய் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்: பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா, வங்கிக் கணக்கும் பானும் இணைந்திருக்கின்றனவா. விலகிய தேதி இல்லாமல் மாற்றம் நகராது. கம்பெனி பதியவில்லை என்றால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆனபின் நீங்களே பதியலாம்.

உங்கள் ஐந்து வருடக் கணக்கு: பழைய சேவை 44 மாதம். செப்டம்பர் 2025 முதல் இன்னும் 16 மாதம் வேண்டும். 2026 டிசம்பர் 31இல் முடியும். ஆனால் அது பணத்தை மாற்றிய பிறகுதான் செல்லும். பழைய கணக்கில் அப்படியே கிடந்தால் இரண்டு சேவையும் சேராது. எனவே முதல் மாதச் சந்தா ஏறியதும் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முடிந்ததும் பழைய கணக்கின் இணைப்பு கே தாளை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பழைய சேவைக் காலமும் மாற்றிய தொகையும் இருக்கும்.


வேளச்சேரி_மீனா
12 ஆகஸ்ட் 2025, காலை 9:40

இப்பதான் உள்ளே போய்ப் பார்த்தேன். விலகிய தேதி பதிவாகல. கடைசிச் சந்தா ஜூன்ல போயிருக்கு. நானே போட்டுடலாமா?


கணக்கர்_குடந்தை
12 ஆகஸ்ட் 2025, காலை 10:15

செப்டம்பர் வரை பொறுங்கள், இரண்டு மாதம் முழுதாகக் கடந்திருக்கும். "மேனேஜ்" பகுதியில் "மார்க் எக்ஸிட்" என்று இருக்கும், ஆதார் ஓ.டி.பி. வரும். தேதி போடும்போது கடைசியாகச் சந்தா போன மாதத்துக்குள் இருக்கும் தேதியாகவே போடுங்கள், உங்கள் விலகல் கடிதத்தில் உள்ள அதே தேதி. ஒருமுறை போட்டுவிட்டால் நீங்களே திருத்த முடியாது.